பட்டத்துக்கும் வரவு செலவுக் கணக்கு வேண்டும்

தாமிரபரணிப் பாசனப் பகுதியில் பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் காலமும், கார் சாகுபடிக்கு நாற்றங்கால் தயாரிக்கும் காலமும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன. அணையில் நீர் இருக்கும் ஆண்டுகளில் ஜூன் மாதத்தில் கால்வாய்களில் தண்ணீர் விடுவார்கள். அதற்குள் விதை நெல்லுக்கும், உழவுக்கும், அடியுரத்துக்கும் பணம் புரட்டியாக வேண்டும். அதே வாரங்களில்தான் மகனையோ மகளையோ கல்லூரியில் சேர்க்கவும் பணம் தேவைப்படுகிறது. வீட்டில் இருப்பது ஒரே சங்கிலி. அதைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்து வாங்கும் பணம் வயலுக்கா, கல்லூரிக்கா என்ற கேள்வி பல சிறு விவசாயிகளின் வீட்டில் அப்போது எழுகிறது.

கல்லூரிக்குத்தான் என்று முடிவு செய்வதில் தவறில்லை. எந்தக் கல்லூரிக்கு, எவ்வளவு, எதை எதிர்பார்த்து என்று கணக்குப் பார்க்காமல் முடிவு செய்வதுதான் தவறு. ஒரு மூட்டை உரம் வாங்க நான்கு கடைகளில் விலை கேட்கும் விவசாயி, சில லட்சம் ரூபாய் செலவாகும் படிப்பை ஒரு விளம்பரப் பலகையைப் பார்த்தோ, வீடு தேடி வரும் தரகர் சொல்வதைக் கேட்டோ முடிவு செய்துவிடுகிறார். "பக்கத்தில் இருக்கும் அரசுக் கல்லூரியில் படித்து என்ன ஆகப் போகிறது?" என்ற பேச்சும் ஊரில் பரவலாக இருக்கிறது. இந்தப் பேச்சு எவ்வளவு தூரம் சரி என்பதை நிதானமாக எடை போட்டுப் பார்க்க வேண்டியது அவசியம்.

பல்கலைக் கழகம் அருகில் வந்த வரலாறு

1857-ம் ஆண்டு தொடங்கப்பட்ட சென்னைப் பல்கலைக் கழகம்தான் நெடுங்காலம் தென்கோடி மாவட்டங்களுக்கும் பட்டம் வழங்கி வந்தது. 1966-ல் மதுரையில் ஒரு பல்கலைக் கழகம் ஏற்பட்டது. 1990-ல் திருநெல்வேலியை அடுத்த அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக் கழகம் அமைந்தது. இன்று திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களின் கலை, அறிவியல் கல்லூரிகள் இதன் கீழ் வருகின்றன. திருச்சியிலும் கோவையிலும் 1982-லும், சேலத்தில் 1997-லும், வேலூரில் 2002-லும் இதே போன்ற வட்டாரப் பல்கலைக் கழகங்கள் அமைக்கப்பட்டன.

பட்டணத்துக்குப் போய் அறை எடுத்துத் தங்க வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளும், குறிப்பாகப் பெண் பிள்ளைகளும், பட்டம் பெற இவை வழி செய்தன. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் ஏராளமானோர் இவற்றிலிருந்துதான் வந்திருக்கிறார்கள். ஆகவே இவற்றை ஏளனமாகப் பேசுவது நன்றி கெட்ட செயல். அதே சமயம், அருகில் இருக்கிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பதும் புத்திசாலித்தனம் ஆகாது.

சான்றிதழில் யார் பெயர்?

பெற்றோர் பலரும் கவனிக்கத் தவறும் விஷயம் ஒன்று உண்டு. பட்டம் வழங்குவது பல்கலைக் கழகம்; கல்லூரி அன்று. ஒரே பல்கலைக் கழகத்தின் கீழ் அரசுக் கல்லூரி, அரசு உதவி பெறும் கல்லூரி, சுயநிதிக் கல்லூரி என மூன்று வகையும் இருக்கின்றன. மூன்றிலும் படித்தவருக்குக் கிடைப்பது அதே பல்கலைக் கழகத்தின் பட்டம்தான். தன்னாட்சிக் கல்லூரி என்றாலும் பட்டத்தில் இருப்பது பல்கலைக் கழகத்தின் முத்திரையே. கட்டணம் மட்டும் இடத்துக்கு இடம் மாறுகிறது.

இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உதவி பெறும் கல்லூரிகள் பலவற்றில், அதே வளாகத்தில் சுயநிதிப் பிரிவும் நடக்கிறது. கல்லூரியின் பெயரை மட்டும் கேட்டுப் பணம் கட்டியவர், மகன் சேர்ந்திருப்பது சுயநிதிப் பிரிவு என்பதை இரண்டாம் தவணைக் கட்டணம் கேட்கும்போதுதான் அறிந்துகொள்கிறார். "உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா?" என்று விண்ணப்பம் வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

செலவுப் பக்கம்

அரசு கலைக் கல்லூரியில் ஓர் ஆண்டுக்குக் கட்ட வேண்டிய தொகை சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். தேர்வுக் கட்டணம், புத்தகம் எல்லாம் சேர்த்தாலும் பெரிய சுமை இல்லை. அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு அரசுப் பேருந்தில் இலவசப் பயண அட்டை உண்டு. சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் முதல் நடைமுறைக்கு வந்தது. தூரத்து ஊர்ப் பிள்ளைகளுக்குப் பிற்படுத்தப்பட்டோர் நலத் துறையும் ஆதிதிராவிடர் நலத் துறையும் நடத்தும் கல்லூரி விடுதிகளில் உணவும் தங்கும் இடமும் இலவசம்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ம் வகுப்பு வரை படித்து உயர் கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. மூன்று ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் இது 36,000 ரூபாய். அரசுக் கல்லூரியின் கட்டணத்தையும் புத்தகச் செலவையும் ஈடுகட்டி, மிச்சமும் வைக்கக்கூடிய தொகை இது. சேரும்போதே கல்லூரி அலுவலகத்தில் விவரம் கேட்டு, வங்கிக் கணக்கும் ஆதாரும் இணைந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

செலவு இத்துடன் முடிவதில்லை. பிள்ளையின் மூன்று ஆண்டு உழைப்பும் ஒரு செலவுதான். வயதுக்கு வந்த பிள்ளை வயலில் நின்றால் ஓர் ஆள் கூலி மிச்சம் என்பதை எந்த விவசாயியும் அறிவார். இங்கேதான் அருகில் இருக்கும் கல்லூரியின் அருமை தெரிகிறது. காலையில் பேருந்து ஏறி மாலையில் திரும்பும் பிள்ளை, விடுமுறை நாளில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சும். பிசான அறுவடை நேரத்தில் களத்தில் நிற்கும். தொலைவில் உள்ள நகரத்தில் விடுதியில் இருக்கும் பிள்ளை பொங்கலுக்கு வந்து போவதோடு சரி.

கடன் பக்கம்

இதற்கு நேர் மாறாக, பெயர் பெற்றது என்று சொல்லப்படும் ஏதோ ஒரு சுயநிதிக் கல்லூரியில் நான்கு ஆண்டுப் படிப்பில் பிள்ளையைச் சேர்ப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் 4 லட்சம் ரூபாய் வங்கிக் கடன். வட்டி 10 சதவீதம் என்பது உதாரணக் கணக்கு. படிக்கும் நான்கு ஆண்டும், அதன் பின் ஓர் ஆண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி தூங்குவதில்லை. முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு, இரண்டாவதற்கு நான்கு ஆண்டு, மூன்றாவதற்கு மூன்று, நான்காவதற்கு இரண்டு என்று தனி வட்டியாகக் கணக்கிட்டாலே 1 லட்சத்து 40 ஆயிரம் ஆகிறது. கடன் 5 லட்சத்து 40 ஆயிரமாக நிற்கும். அதைப் பத்து ஆண்டில் அடைக்க மாதம் ஏறத்தாழ 7,100 ரூபாய் கட்ட வேண்டும். ஆண்டுக்கு 85,000 ரூபாய்க்குக் குறையாது. இரு போகம் நெல் விளையும் ஓர் ஏக்கரில், செலவு போக இவ்வளவு கையில் நிற்கிறதா என்பதை அவரவர் கணக்கேட்டைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

கல்விக் கடனில் 4 லட்சம் ரூபாய் வரை வங்கிகள் சொத்து ஈடு கேட்பதில்லை. ஆனால் தகப்பனாரும் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திடுகிறார். பிள்ளைக்கு வேலை கிடைக்காமல் தவணை தவறினால், பின்னாளில் தகப்பனார் அதே வங்கியில் பயிர்க் கடன் கேட்கும்போது அந்தக் கையெழுத்து குறுக்கே வந்து நிற்கும். ஆண்டு வருமானம் நாலரை லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்குக் குறிப்பிட்ட படிப்புகளில், தவணை தொடங்கும் வரையிலான வட்டிக்கு மத்திய அரசு மானியம் தரும் திட்டம் உண்டு. எந்தப் படிப்புக்கு, எந்தக் கல்லூரிக்கு அது பொருந்தும் என்பதை வங்கியில் கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்க வேண்டும். கையெழுத்திட்ட பிறகு கேட்பதால் பயனில்லை.

எல்லாக் கடனும் கெட்டது என்பது இதன் பொருள் அன்று. நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைக்கு அரசுப் பொறியியல் கல்லூரியிலோ, கிள்ளிகுளம் போன்ற அரசு வேளாண்மைக் கல்லூரியிலோ கலந்தாய்வு மூலம் இடம் கிடைத்தால், அதற்காகக் கடன் வாங்கலாம், தயங்க வேண்டியதில்லை. மேலும் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு 2021-ல் கொண்டுவரப்பட்டது. அந்த ஒதுக்கீட்டில் சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. இந்த வழியை விசாரிக்காமல், கலந்தாய்வுக்கு முன்பே தரகர் சொல்லைக் கேட்டு முன்பணம் கட்டி இடம் பிடிப்பதுதான் வீண் செலவு. அதற்காக நிலத்தை விற்பது விதை நெல்லைக் குத்தித் தின்பதற்குச் சமம்.

வரவுப் பக்கம்

இனி வரவைப் பார்க்கலாம். கலைக் கல்லூரிப் பட்டம் கையில் இருந்தால் வேலை தானாக வரும் என்று எண்ணுவது பெரிய ஏமாற்றத்தில் முடியும். பட்டம் என்பது தேர்வு எழுதும் அறையின் கதவைத் திறக்கும் சாவி, அவ்வளவே. ஆனால் அந்தச் சாவி இல்லாமல் உள்ளே நுழைய முடியாத அறைகள் பல இருக்கின்றன. தேர்வாணையத்தின் குரூப் 1, குரூப் 2 தேர்வுகள், வங்கி எழுத்தர் தேர்வு, கிராம வங்கித் தேர்வு, மத்திய அரசின் பட்டதாரி நிலைத் தேர்வுகள் ஆகிய எல்லாவற்றுக்கும் அடிப்படைத் தகுதி அங்கீகரிக்கப்பட்ட ஏதேனும் ஒரு பல்கலைக் கழகத்தின் பட்டம். சில லட்சம் செலவழித்துப் பெற்ற பட்டத்துக்கும், சில ஆயிரம் செலவழித்துப் பெற்ற பட்டத்துக்கும் அந்த விண்ணப்பத்தில் வேறுபாடு இல்லை.

போட்டி கடுமையானது என்பதையும் மறைப்பதற்கில்லை. 10-ம் வகுப்புத் தகுதி போதும் என்ற குரூப் 4 தேர்வுக்கு 2024-ல் முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். ஓர் இடத்துக்கு முந்நூறு பேருக்கு மேல் என்றாகிறது. அவர்களில் பட்டதாரிகளும் ஏராளம். ஆகவே அரசுத் தேர்வு ஒன்றையே நம்பி ஐந்தாறு ஆண்டுகளை வீட்டில் கழிப்பது, வானம் பார்த்த பூமியில் ஒரே பயிரை நம்பியிருப்பதற்கு ஒப்பாகும்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-ல் இயற்றப்பட்டது. 2020-ல் செய்த திருத்தத்தின்படி, முதல் வகுப்பிலிருந்து அந்தப் பணிக்குரிய தகுதி வரை முழுவதும் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். பட்டத் தகுதி கேட்கும் பணி என்றால் பட்டப் படிப்பும் தமிழ் வழியாக இருக்க வேண்டும். தமிழ் வழிப் பட்ட வகுப்புகள் பெரும்பாலும் நடப்பது அரசுக் கல்லூரிகளிலும் உதவி பெறும் கல்லூரிகளிலும்தான். கிராமத்துப் பள்ளியில் முதல் வகுப்பிலிருந்து தமிழில் படித்த பிள்ளையை, கௌரவத்துக்காக ஆங்கில வழி சுயநிதிக் கல்லூரியில் சேர்ப்பவர், பட்டத் தகுதிப் பணிகளில் இந்த முன்னுரிமையைக் கைவிடுகிறார். இதை அறிந்து விடுவது வேறு. அறியாமல் விடுவது வேறு.

பாடம் தேர்ந்தெடுப்பதிலும் கிராமத்துக்கேற்ற யோசனை வேண்டும். பூச்சிமருந்து விற்பனை உரிமம் பெற வேளாண்மைப் பட்டம் இல்லாவிட்டாலும் வேதியியல், தாவரவியல், விலங்கியல் போன்ற அறிவியல் பாடங்களில் பட்டம் இருந்தால் போதும் என்று விதி இருக்கிறது. உர விற்பனை உரிமத்துக்கும் வேதியியல் பட்டம் தகுதியாகும். ஆகவே அரசுக் கல்லூரியில் வேதியியல் படித்த ஒரு விவசாயி மகன் சொந்த ஊரிலேயே உரக்கடை வைக்க முடியும். மருந்தின் தன்மை தெரிந்த ஒருவர் ஊர்க் கடையில் இருப்பது ஊருக்கும் நன்மை. வணிகவியல் படித்தவர், கூட்டுறவுப் பயிற்சியும் முடித்தால், கூட்டுறவு வங்கி, தொடக்க வேளாண்மைச் சங்கப் பணிகளுக்குப் போட்டியிடலாம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும் கணக்கு எழுதத் தெரிந்தவர்கள் வேண்டியிருக்கிறார்கள். ஆசிரியர் பணிதான் நோக்கம் என்றால் பட்டத்துக்குப் பின் இரண்டு ஆண்டு பி.எட். படிப்பும், தகுதித் தேர்வும் இருக்கின்றன. அந்தச் செலவையும் காலத்தையும் முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும்.

குறைகளைச் சொல்லாமல் இருக்க முடியாது

"அரசுக் கல்லூரியில் படித்தவன் தேநீர்க் கடையில்தானே உட்கார்ந்திருக்கிறான்?" என்று கேட்பவர்களின் பேச்சில் உண்மையும் இருக்கிறது. அரசுக் கல்லூரிகளில் நிரந்தர ஆசிரியர் பணியிடங்கள் நிரப்பப்படாமல், குறைந்த தொகுப்பூதியம் பெறும் கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டே பல துறைகள் ஓடுகின்றன. பல இடங்களில் ஆய்வுக்கூட வசதி போதாது. அரைநாள் வகுப்பு முடிந்தால் மாணவர் வெளியேறிவிடுகிறார். மீதி அரைநாளை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்ல வீட்டில் படித்தவர் இல்லை. கல்லூரியிலும் சொல்வார் குறைவு. நகரத்து நிறுவனங்கள் கிராமப்புறக் கல்லூரிகளுக்கு ஆள் எடுக்க வருவதும் அரிது. நேர்முகத் தேர்வில் நான்கு வாக்கியம் தொடர்ந்து பேசப் பயிற்சி இல்லாததால் நல்ல பிள்ளைகளும் பின்தங்கி விடுகிறார்கள்.

இவற்றைச் சரி செய்ய வேண்டிய கடமை அரசுக்கும் பல்கலைக் கழகங்களுக்கும் இருக்கிறது. பொதுமக்கள் பணத்தில் நடக்கும் கல்லூரியில் பாடம் நடத்த நிரந்தர ஆசிரியர் வேண்டும் என்று கேட்பது சலுகை கோருவது ஆகாது. ஒவ்வொரு கல்லூரியும், மூன்று ஆண்டுக்கு முன் முடித்துச் சென்ற மாணவர்கள் இன்று என்ன செய்கிறார்கள் என்று துறைவாரியாக அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட வேண்டும். விதைப் பையில் முளைப்புத் திறன் எத்தனை சதவீதம் என்று எழுத வேண்டும் என அரசு சட்டம் வைத்திருக்கிறது. பிள்ளைகளின் வாழ்க்கை சம்பந்தப்பட்ட விஷயத்தில் மட்டும் ஏன் அந்த விவரம் இல்லை? இந்தக் கேள்வியைச் சுயநிதிக் கல்லூரிகளிடமும் கேட்க வேண்டும். சுவரொட்டியில் சிரிக்கும் நான்கு மாணவர்கள் போக, மற்றவர்கள் எங்கே என்று கேட்கும் உரிமை பணம் கட்டும் பெற்றோருக்கு உண்டு.

சேர்க்கும் முன்னும் சேர்த்த பின்னும்

பிள்ளையைச் சேர்க்கும் முன் தகப்பனார் கல்லூரிக்கு ஒரு முறையாவது நேரில் போய்வர வேண்டும். அந்தத் துறையில் எத்தனை ஆசிரியர், அவர்களில் நிரந்தரமானவர் எத்தனை, தமிழ் வழி வகுப்பு உண்டா, கடந்த ஆண்டு எத்தனை பேர் தேர்ச்சி என்று கேட்க வேண்டும். அதே கல்லூரியில் படித்த உள்ளூர்ப் பிள்ளைகள் இருவரிடம் விசாரித்தால், விளம்பரம் சொல்லாத பல விஷயங்கள் தெரிய வரும். முழுச் செலவையும் மூன்று ஆண்டுக்கும் சேர்த்து ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும்.

சேர்த்த பிறகும் பொறுப்பு முடிவதில்லை. பட்டம் கிடைத்த பிறகு பயிற்சிக்குப் போகலாம் என்று இருந்தால் மேலும் இரண்டு ஆண்டு வீணாகும். முதல் ஆண்டிலிருந்தே தினம் ஒரு மணி நேரம் பொது அறிவும் கணக்கும் படிக்கும் பிள்ளை, மூன்றாம் ஆண்டு முடியும்போது தேர்வுக்குத் தயாராக இருக்கும். அதற்கு ஊர் நூலகம் போதும். தட்டச்சு, கணினி, ஆங்கிலப் பேச்சு ஆகியவற்றில் ஒன்றையாவது மூன்று ஆண்டுக்குள் கற்றுக்கொள்ள வேண்டும். 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் கலைக் கல்லூரி மாணவருக்கும் திறன் பயிற்சிகள் அளிக்கப்பட்டன. அப்படிப்பட்ட பயிற்சி நடக்கும்போது வருகைப் பதிவுக்காக மட்டும் உட்கார்ந்து வருவதில் பயனில்லை. மகன் கல்லூரிக்குப் போகிறான் என்ற திருப்தியோடு நின்றுவிடாமல், என்ன படிக்கிறான் என்று மாதம் ஒரு முறையாவது தகப்பனார் கேட்க வேண்டும். தமக்கு எழுத்து தெரியாவிட்டாலும் கேட்கலாம். கேட்கிறார் என்பதே பிள்ளைக்கு ஒரு பொறுப்பைத் தரும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மகனுக்கு ஊர் தாண்டி லட்சங்களைச் செலவிட்டு, மகளைப் பிளஸ் டூவோடு நிறுத்தும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஒரு மகனின் சுயநிதிக் கல்லூரிச் செலவில் ஒரு பகுதியைக் கொண்டே, இரண்டு பிள்ளைகளும் அருகில் உள்ள அரசுக் கல்லூரியில் பட்டம் பெற முடியும். இந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

மொத்தத்தில் வட்டாரப் பல்கலைக் கழகத்தின் பட்டம் சிறு விவசாயிக்கு மலிவானது. ஆனால் மட்டமானது அன்று. அது தரும் பலன், படிக்கும் மூன்று ஆண்டுகளில் பிள்ளையும் பெற்றோரும் எடுக்கும் முயற்சியைப் பொறுத்தது. பிள்ளை தேர்வில் தோற்றாலும், வேலை தாமதமானாலும், கடன் இல்லாத வீடும் கைவிட்டுப் போகாத நிலமும் இருந்தால் மறுபடி முயன்று பார்க்க அவகாசம் கிடைக்கும். நிலத்தை விற்றுப் படித்த பிள்ளைக்கு அந்த அவகாசம் இல்லை. கிடைத்த முதல் வேலையில், கிடைத்த சம்பளத்துக்குத் தவணைக்காக உழைக்க வேண்டியதுதான். ஆகவே வரும் மே மாதம் சங்கிலியைக் கழற்றும் முன், ஒரு தாளும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்து வரவு செலவை எழுதுவது ஒவ்வொரு விவசாயக் குடும்பத்துக்கும் நன்மை பயக்கும்.